யோங்தே அம்மா

இஞ்சியோன்
1996 ஜூன் 10

சங்சிக் வீட்டில் இருப்பவளுக்கு,

நான் நலம். உன் நலத்தை நான் கேட்கவில்லை, நீ எழுதவும் வேண்டாம். என் மகன் நலமா என்று மட்டும் எழுது.

உன் பெயர் ஓக்புன் என்று தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும். என் புருஷன் சங்சிக் என்னை விட்டுவிட்டு சொக்சோவுக்குப் படகு வேலைக்குப் போனதும், போன இடத்தில் உன்னைக் கட்டிக்கொண்டதும் ஊருக்கே தெரியும். போகட்டும், அந்த ஆளை நீயே வைத்துக்கொள். ஆனால் யோங்தேயை உனக்கு நான் கொடுக்கவில்லை. நீதிபதி கொடுத்தார். இங்கே இருந்தால் பையன் இன்னும் கெட்டுப்போவான், பள்ளி ஆண்டு முடியும்வரை அப்பாவிடம் இருக்கட்டும் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பிப்ரவரியில் ஆண்டு முடிகிறது. முடிந்த அன்றே என் மகன் என்னிடம் வந்துவிட வேண்டும். அதுவரை அவன் உன் வீட்டில் விருந்தாளி. வேறு எதுவும் இல்லை.

உன்னிடம் கண்டதையும் சொல்லியிருப்பார்கள். மன்ஹோ என்ற பையனை யோங்தே அடித்தான், அவனுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. உண்மைதான். ஏன் அடித்தான் என்று யாராவது கேட்டார்களா? நான் சந்தையில் பன்றிக்குடல் சூப் கடை வைத்திருக்கிறேன். "உங்கம்மா மேல வர்ற நாத்தம் தாங்காமத்தான்டா உங்கப்பன் ஓடிப்போனான்" என்று அந்த மன்ஹோ வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னான். பெற்றவளைப் பற்றி அப்படிச் சொன்னால் பதினேழு வயசுப் பையன் என்ன செய்வான், பாட்டா பாடுவான்?

தொலைபேசியில் கூப்பிடாதே. உன் குரல் என் காதில் விழ வேண்டாம். எழுது. பேருந்தில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். குடலும் முள்ளங்கிக் கிம்ச்சியும் அவனுக்கு. உனக்கு ஒன்றும் இல்லை. டப்பாக்களைக் கழுவித் திருப்பி அனுப்பு.

யோங்தேயின் தாய்,
பே மல்சுன்


சொக்சோ
1996 ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

யோங்தே நலம். வந்த புதிதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். உங்கள் பெட்டி வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். டப்பாக்கள் வெளியே வந்தபோது கழுவியது போல இருந்தன. இருந்தாலும் கழுவித்தான் அனுப்புகிறேன்.

இங்கே கணவாய் மீன் வரத்து ஆரம்பித்துவிட்டது. அவன் அப்பா கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. என்னிடம் கணவாய் காயப்போடும் களம் ஒன்று இருக்கிறது. வயிறு கீற ஆள் போதவில்லை, அதனால் அவன் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். முதல் கூடையை முழுசாக நாசம் பண்ணினான், முகமெல்லாம் மை. ஒருத்தி சிரித்துவிட்டாள். கத்தியோடு எழுந்தான். "உக்காரு, இன்னும் மூணு கூடை கெடக்கு" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. களத்துப் பெண்கள் என்னை "யோங்தே அம்மா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளை பெயரைச் சொல்லித்தானே ஒருத்தியைக் கூப்பிடுவோம்? எனக்குப் பிள்ளை இல்லாததால் இத்தனை வருஷம் "ஏ, களத்துக்காரி" என்றுதான் கூப்பிட்டார்கள். உங்களிடம் கேட்காமல் அந்தப் பெயருக்கு நான் திரும்பிப் பார்த்தது தப்பாகப் பட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஓக்புன்


இஞ்சியோன்
1996 ஜூன் 24

ஓக்புன்னுக்கு,

கத்தியா! உனக்கு மூளை இருக்கிறதா? கோர்ட்டிலிருந்து வந்த பையன் கையில் யாராவது கத்தியைக் கொடுப்பார்களா? நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், பார், மாற்றாந்தாய்க்காரி திட்டம் போட்டு ஜெயிலுக்கு அனுப்பினாள் என்று நானே தெருத்தெருவாகச் சொல்வேன்.

அடுத்தது அந்தப் பெயர். அதற்காக நான் பிரசவ வலி பட்டேன். நீ கணவாய்க்கு வயிறு கீறினாய். இரண்டும் ஒன்றா? யாராவது உன்னை அப்படிக் கூப்பிட்டால் அங்கேயே திருத்து. "அவனோட அம்மா இஞ்சியோன்ல இருக்கா" என்று சொல். ஒவ்வொரு தடவையும் சொல். திரும்பிப் பார்த்தாளாம்!

எனக்குப் பொறாமை என்று நினைப்பாய். ஆமாம், பொறாமைதான். முகமெல்லாம் மையோடு அவன் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை, நீ பார்த்தாய். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்? அதை ஏன் எழுதவில்லை?

மல்சுன்


சொக்சோ
1996 ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஒவ்வொரு தடவையும் திருத்துகிறேன். இப்போது அதுவே களத்தில் ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே "தெரியும் தெரியும், அம்மா இஞ்சியோன்ல" என்று பாட்டு மாதிரி எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள்.

என்னை அவன் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க" என்பான். "சரிங்க" என்பான். அறையைக் கூட்டி வைத்தால் "எதுக்குங்க உங்களுக்கு சிரமம்" என்பான். தங்கும் விடுதிக்காரியிடம் பேசுகிற மாதிரி.

அவன் இங்கேயும் ஒருவனை அடித்துவிட்டான். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். பள்ளியில் துக்பே என்று ஒருவன். எங்கள் தெருவை ஒட்டிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. உதடு கிழிந்துவிட்டது. யோங்தே வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். என்னப்பா வேண்டும் என்று கேட்டேன்.

"இங்க கறி வறுக்க மாட்டீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னான், "நான் எவனையாவது அடிச்சுட்டு வந்தா அன்னிக்கு அம்மா பன்னிக்கறி வறுக்கும். கொழுப்பா, நிறைய. ஒண்ணும் கேக்காது. தட்டுல போட்டுக்கிட்டே இருக்கும்."

நான் கறி வறுக்கவில்லை, அக்கா. உதடு கிழிந்தவனால் என்ன சாப்பிட முடியும் என்று யோசித்தேன். அரிசிக்கஞ்சி வைத்துப் பானையோடு யோங்தே கையில் கொடுத்தேன், துக்பே வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று. கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னான். சுவரை ஒரு குத்துக் குத்தினான். பிறகு பானையை எடுத்துக்கொண்டு போனான். வாய்க்காலைக் கடக்க இங்கே ஒரு படகு உண்டு, குறுக்கே கட்டியிருக்கிற கம்பியைக் கொக்கியால் மாட்டி நாமே இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கையில் பானை, ஒரு கையில் கொக்கி. பாதிக் கஞ்சி தண்ணீரில் போய்விட்டதாம். மீதியைக் கொடுத்துவிட்டு வெறும் பானையோடு வந்தான். மறுநாள் நான் சொல்லாமலே, அவனாக மறுபடியும் கஞ்சி வைக்கச் சொன்னான்.

ஓக்புன்


இஞ்சியோன்
1996 ஜூலை 23

ஓக்புன்னுக்கு,

கறி விஷயத்தை உன்னிடம் சொன்னானா? அது எங்கள் வீட்டு விஷயம். நானும் அவனும் மட்டும் தரையில் உட்கார்ந்து, எண்ணெய் தெறிக்கத் தெறிக்கத் தின்றது. அதைப் போய் உன் அடுப்படியில் நின்று சொல்லியிருக்கிறான்.

என்ன கேட்கச் சொல்கிறாய்? அடிபட்டு வந்தாயா, அடித்துவிட்டு வந்தாயா என்று பார்த்தேன். அடித்துவிட்டு வந்தான் என்றால் மனசு குளிர்ந்தது. புருஷன் ஓடிப்போனவளைச் சந்தையில் எவனெவன் என்னென்ன பேசுவான் என்று உனக்குத் தெரியாது, நீ அந்த ஆளோடு இருப்பவள். எனக்காகக் கை ஓங்க இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். நீ அவனைக் கஞ்சிப் பானை தூக்க வைத்திருக்கிறாய்.

பிப்ரவரி வரட்டும்.

மல்சுன்

பின்குறிப்பு: கஞ்சியில் எள்ளெண்ணெய் விட்டாயா? அவனுக்குப் பிடிக்கும். துக்பேக்கு இல்லை, இவனுக்கு.


இஞ்சியோன்
1996 அக்டோபர் 1

ஓக்புன்னுக்கு,

அறுவடைத் திருநாளுக்கு மறுநாள் நான் சொக்சோவுக்கு வந்தேன். உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, சபதம் சபதம்தான். படகுத்துறையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன். திருட்டுத்தனமாக என் பிள்ளையைப் பார்க்க வந்தேன், இதைவிட அசிங்கம் உண்டா?

படகு வந்தது. யோங்தே கம்பியை இழுத்துக்கொண்டு வந்தான். தோள் அகன்றிருக்கிறது. கறுத்திருக்கிறான். நான் அழத் தொடங்கும்போது, கரையில் நின்ற ஒரு தடியன், "டேய் பன்னிக்குடல்! இன்னிக்கு நாத்தம் கம்மியா இருக்கே!" என்று கத்திக்கொண்டு ஓடி, இறங்கின பிள்ளையை நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளினான். யோங்தே சும்மா நின்றான். சிரித்தான்! என் மகனை என்ன பண்ணி வைத்திருக்கிறாள் இவள் என்று எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. போய் அந்தத் தடியனை ஓங்கி ஒரு அறை விட்டேன். இரண்டாவதற்குக் கையைத் தூக்கினேன்.

யோங்தே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, போதும். இது துக்பே. என் சிநேகிதன்."

"சிநேகிதனா? குடல்னு கூப்பிடுறான்!"

"நீ அனுப்புற குடல்ல பாதி இவன்தாம்மா திங்கிறான்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. என் மகன் அந்தப் பையன் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தான். "எங்கம்மா சார்பா நான் மன்னிப்பு கேக்குறேன்டா" என்றான். கன்னம் சிவந்துபோய் நின்றவன், "உன் கை எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான்டா தெரியுது" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யோங்தே சிரிக்கவில்லை. என்னைப் பேருந்து நிலையம்வரை கொண்டுவந்து விட்டான். வழி முழுக்க என் கையை விடவில்லை.

எனக்காக அடித்தவன் எனக்காகக் குனிந்தான். இதை நீதான் கற்றுக்கொடுத்தாயா? உன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தை எழுதக் காகிதம் போதாது.

மல்சுன்


சொக்சோ
1996 அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குக் களத்து வேலையே சரியாக இருக்கிறது. அவன் உங்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன். "எங்கம்மா கை நடுங்கிச்சு, சித்தி. பிடிச்சிருந்தேன்ல, தெரிஞ்சுது" என்றான்.

சித்தி என்றான். முதல் தடவையாக. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த வாக்கியத்திலும் முதலில் வந்தது நீங்கள்தான்.

உங்களுக்கு மட்டும்தான் பொறாமை வரும் என்று நினைக்கிறீர்களா, அக்கா? நான் சோறு போடுகிறேன், துணி துவைக்கிறேன், பள்ளியில் போய்த் தலை குனிந்து நிற்கிறேன். உங்கள் பெட்டி வருகிற நாளில் மட்டும் அவன் முகம் வேறாக இருக்கிறது. தூக்கத்தில் அவன் அம்மா என்று சொல்லும்போது அடுத்த அறையில் படுத்திருக்கிற எனக்கு, அது யாருக்கு என்று தெரியும். எனக்கு அந்தச் சொல்லை யாரும் சொன்னதே இல்லை.

இப்போது அவன் ஒன்று கேட்கிறான். மன்ஹோ வீட்டுக்குப் போய் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் கூட வருகிறேன் என்றேன், பயணத்துக்குச் சட்டைகூட எடுத்து வைத்துவிட்டேன். "இல்ல சித்தி. அம்மா வரணும். அம்மாவுக்காக அடிச்சேன், அம்மா இல்லாம எப்படி?" என்றான். எடுத்த சட்டையை மடித்து உள்ளே வைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு உங்களை நான் வெறுத்தேன்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவான். நீங்கள் அவனோடு போக வேண்டும்.

ஓக்புன்


இஞ்சியோன்
1996 அக்டோபர் 15

ஓக்புன்னுக்கு,

நான் யார் வாசலிலும் மண்டியிட மாட்டேன். என் பிழைப்பையும் என் உடம்பையும் கேவலமாகப் பேசியவன் வாசலில் நிச்சயமாக மாட்டேன். அவனையும் போக விடாதே. வந்தால் நேராக என் வீட்டுக்கு வரச் சொல், கறி வறுத்து வைக்கிறேன்.

மல்சுன்


சொக்சோ
1996 அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் கணவாயைத் தட்டித் தட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அம்மா வராட்டியும் நான் போவேன். முதல்ல மன்ஹோ வீடு. அப்புறம்தான் நம்ம வீடு" என்றான். அவனே கீறிக் காயவைத்ததில் நல்லதாக ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறான், மன்ஹோவுக்கு.

தனியாகத்தான் நிற்பான். சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன்.

ஓக்புன்


இஞ்சியோன்
1996 நவம்பர் 6

ஓக்புன்னுக்கு,

நீ என்னை அக்கா என்று எழுதும்போதெல்லாம், கூப்பிடாதே என்று நான் ஒரு தடவைகூட எழுதவில்லை. கவனித்தாயா? நானும் இப்போதுதான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அவன் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கடையைச் சாத்தினேன். மன்ஹோவின் அம்மா ஒரு சலவைக்கடை வைத்திருக்கிறாள். எதிரே மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உனக்குத் தெரியும், நான் ஒளிந்து நிற்பதில் தேறிவிட்டேன். யோங்தே ஏற்கெனவே ஈரச் சிமெண்டில் மண்டியிட்டிருந்தான், பக்கத்தில் கணவாய்க் கட்டு. உள்ளே அந்த அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள். பார்த்தும் பார்க்காதது போல. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு பையன்கள் அவன்மேல் வேர்க்கடலைத் தோலை வீசினார்கள். அவன் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கடைசியில் அந்த அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் தலையில் கொட்டினாள். குளிர் என்ன குளிர் அன்றைக்கு. எனக்குக் கால் தானாக ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், அவள் முடியைப் பிடிக்கத்தான் ஓடினேன். கை ஓங்கியாகிவிட்டது.

யோங்தே என்னைப் பார்த்தான். போதும் என்று சொல்லவில்லை. கையைப் பிடிக்கவில்லை. மண்டியிட்டபடியே கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான். பேருந்தில் நான் ஏறினால் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விடுவானே, சின்ன வயசிலிருந்தே, அதே மாதிரி.

உட்கார்ந்துவிட்டேன். எப்படி முட்டி மடங்கியது என்று எனக்குத் தெரியாது.

"நீயா?" என்றாள் அவள். "இத்தனை மாசம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" ஓங்கி ஒரு அறை. என்ன கை, இஸ்திரிப்பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய கை. என் இரண்டு கையும் முட்டிமேல் இருந்தன, அங்கேயே இருந்தன. என் வாழ்க்கையிலேயே நான் செய்த கஷ்டமான வேலை அதுதான், ஓக்புன். பிறகு அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதாள். "ஃபோன் அடிச்சா எந்தப் பக்கம்னு தெரியாம சுத்திச்சுத்திப் பாக்குறான்டி என் புள்ள" என்றாள். நானும் அழுதேன்.

மன்ஹோ வெளியே வந்தான். யோங்தே பேசத் தொடங்கினான், மன்ஹோ கையைக் காட்டி நிறுத்தினான். "அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லு." யோங்தே எழுந்து, சுற்றிப் போய், அந்தப் பக்கம் மண்டியிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். மன்ஹோ முழுவதும் கேட்டான்.

"மன்னிக்கல" என்றான். "ஆனா கேட்டுச்சு. கணவாய வெச்சுட்டுப் போ."

வீட்டுக்கு வந்து கறி வறுத்தேன். கொழுப்பாக, நிறைய. அவன் அடிக்காத நாளில் நான் வறுத்தது அதுதான் முதல் தடவை. கன்னம் வீங்கி என்னால் மெல்ல முடியவில்லை. "வலிக்குதாம்மா?" என்றான். "பின்ன? உங்கம்மா மூஞ்சி என்ன பலகையா?" என்றேன். எழுந்து போய் எனக்குக் கஞ்சி வைத்தான். எள்ளெண்ணெய் விட்டு. நன்றாகவே வைத்தான். யாரிடம் கற்றான் என்று தெரியும், ஒவ்வொரு வாய்க்கும் வயிறெரிந்துகொண்டேதான் குடித்தேன்.

பேருந்து ஏறும் முன்னால் கேட்டான், கடைசி வருஷத்தையும் சொக்சோவிலேயே படிக்கட்டுமா என்று. பிப்ரவரி பிப்ரவரி என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தது அவனுக்கும் தெரியும். வேண்டாம் என்று நான் சொன்னால் வந்துவிடுவான், ஓக்புன். மறுபேச்சில்லாமல் வந்துவிடுவான். வந்து சந்தையில் என் பக்கத்தில் நிற்பான், எவனாவது ஒருநாள் வாயைத் திறப்பான்.

"படி" என்றேன். ஒரே சொல்தான். அதைச் சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது இன்றுவரை.

ஆகவே களத்துப் பெண்கள் உன்னை எப்படிக் கூப்பிட்டாலும் இனிமேல் திருத்த வேண்டாம். திரும்பிப் பார். ஆனால் சொக்சோவில் மட்டும். இஞ்சியோன் பக்கம் நீ வந்தால் அந்தப் பெயர் என்னுடையது, அதில் பங்கு கிடையாது.

பெட்டி அனுப்பியிருக்கிறேன். மேல் டப்பா அவனுக்கு. துக்பேக்கும் கொடுக்கச் சொல், அடித்த கடன் எனக்கு இருக்கிறது. கீழ் டப்பா உனக்கு. காரம் கூடுதலாக இருக்கும், வேண்டுமென்றேதான் போட்டேன். கழுவித் திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
யோங்தே அம்மா
(இஞ்சியோன்)